பேழைக்கு வெளியே இருந்தவர்கள்

1

"இயேசு என் ராட்சசர்."

அபிஷா ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து நகர்ந்து, கடைசியில் ஒரே மூச்சில் உரக்கச் சொன்னாள். ஏழு வயது. பலகையில் நான் எழுதிப் போட்டிருந்தது 'இயேசு என் இரட்சகர்'. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் நம்மூர்ப் பிள்ளைகளுமாக அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ராட்சசன் யாரென்று அவர்களுக்குத் தெரியும், கார்ட்டூனில் கொம்பு வைத்து வருவான். இரட்சகர் யாரென்றுதான் தெரியவில்லை.

"இரட்சகர்னா காப்பாத்துறவர். ஆபத்துல இருந்து தூக்கி விடுறவர்" என்றேன்.

"ஃபயர் இஞ்சின் மாதிரியா ஆன்ட்டி?"

"கிட்டத்தட்ட."

நார்வேயின் மேற்குக் கரையில் பெர்கன் என்ற ஊரில் இருக்கிறோம். வானம் வெளுத்தால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கூப்பிட்டுச் சொல்லும் அளவுக்கு மழை பெய்யும் ஊர். வார நாட்களில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். ஞாயிறு மதியம், நார்வேக்காரர்களின் ஆராதனை முடிந்த பிறகு, அவர்கள் கோயிலின் கீழ்த்தள அறையில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேதாகமக் கதை சொல்கிறேன். அன்றைக்கு நோவாவின் பேழை.

வண்ணப் பென்சில்களைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த என் மகள் ஷெரினும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் நார்வேஜியனில், யாரிடமும் இல்லாததுபோல் ஒன்று சொன்னாள்.

"அவ சொன்னதுல என்ன தப்பு? ஒரு குடும்பத்தை மட்டும் ஏத்திக்கிட்டு ஊரையே முக்கிக் கொன்னவர்தானே."

சின்னப் பிள்ளைகளுக்குப் புரிந்ததோ இல்லையோ, பெரிய பிள்ளைகள் சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். நான் பலகையில் மாட்டியிருந்த பேழைப் படத்தைக் கழற்றி வைத்தேன். எல்லோரும் மிருகங்களுக்கு வண்ணம் தீட்டினோம்.

2

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் அவளாகவே பேச்சை எடுத்தாள். வீட்டில் நான் தமிழில் பேசுவேன், அவள் பாதித் தமிழ், பாதி நார்வேஜியனில் பதில் சொல்வாள். முக்கியமான விஷயம் என்றால் முழுக்க நார்வேஜியனுக்குப் போய்விடுவாள். அன்றைக்கும் அப்படித்தான்.

"அம்மா, நீங்க உள்ளே இருந்தவங்களைப் பத்தி மட்டும் சொல்றீங்க. யானை ரெண்டு, ஒட்டகச்சிவிங்கி ரெண்டு. வெளியே இருந்து கதவைத் தட்டினவங்க? அவங்களிலும் குழந்தைங்க இருந்திருப்பாங்கல்ல?"

"அவங்க சொல்லிக் கேக்கலை."

"கைக்குழந்தைக்கு யார் போய்ச் சொன்னா?"

கொடைக்கானல் மலையில், செண்பகனூரில் நான் ஞாயிறு பள்ளிக்குப் போன காலத்தில் கம்பளித் துணி போர்த்திய ஒரு பலகை இருந்தது. அதில் பேழையை ஒட்டுவார்கள், புறாவை ஒட்டுவார்கள், வானவில்லை ஒட்டுவார்கள். தண்ணீருக்கு ஒரு நீலத்துணி. அந்த நீலத்துணிக்கு அடியில் யாராவது இருந்திருப்பார்கள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. கொடைக்கானல் குளிரில் கையைக் கம்பளிக்குள் விட்டுக்கொண்டு வானவில்லையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை நான்.

"அக்டோபர்ல எனக்குப் பதினஞ்சு ஆகுது" என்றாள் ஷெரின். "அப்புறம் நான் வரலைம்மா. சட்டப்படி நானே முடிவு பண்ணலாம்."

உண்மைதான். இந்த நாட்டில் பதினைந்து வயது ஆனால் எந்தச் சபையில் இருப்பது, எதிலும் இல்லாமல் இருப்பது என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கலாம். பெற்றவர்கள் கையெழுத்து வேண்டாம். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பேருந்து நிறுத்தம் வந்தாயிற்று என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் என்னை என்னவோ செய்தது.

இரவுச் சாப்பாட்டில் என் கணவர் ஆல்பர்ட்டிடம் சொன்னேன். அவர் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வெல்டர், வார்த்தையைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். "கேள்வி கேக்குற பிள்ளை இன்னும் வீட்டுக்குள்ளதான் இருக்குன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

3

அந்த அக்டோபரில் என் அண்ணன் செண்பகனூரில் புது வீடு கட்டி முடித்தார். வீட்டுப் பிரதிஷ்டைக்கு வந்தே ஆகவேண்டும் என்றார். ஆல்பர்ட்டுக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் ஷெரினும் கிளம்பினோம்.

இலையுதிர் கால விடுமுறையோடு இன்னும் சில நாட்கள் சேர்த்து எடுக்கப் பள்ளிக்கு விண்ணப்பம் போட்டேன். காரணம் என்ற இடத்தில் எதை எழுதுவது? 'புது வீட்டுக்கு ஜெபம்' என்று எழுதினேன். ஷெரினின் வகுப்பாசிரியை நல்லவர், உடனே போன் செய்தார்.

"ஜெபம் செய்வது உங்கள் வேலையா?"

"இல்லை, போதகர் செய்வார்."

"அப்போது ஷெரின் என்ன செய்வாள்?"

"நிற்பாள்" என்றேன். "பிறகு சாப்பிடுவாள்."

பிறகு அனுமதித்துவிட்டார்.

கொடைக்கானலில் நாங்கள் போய் இறங்கியபோதே மழை தொடங்கியிருந்தது. பிரதிஷ்டை நடந்தது. ஷெரின் நின்றாள், சாப்பிட்டாள். அவளுடைய பதினைந்தாவது பிறந்தநாளுக்கு அண்ணன் கேக் வெட்டி ஊரையே கூப்பிட்டார். சபை விஷயத்தை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அண்ணன் மனைவி ரோஸி அங்கன்வாடியில் வேலை செய்கிறார். சனிக்கிழமை மத்தியானம் பூம்பாறை பஸ்ஸைப் பிடித்து, அதற்கும் அப்பால் ஒரு காலனிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கும் காலனி. வரிசையாக நிற்கும் வீடுகளை இன்றைக்கும் லயம் என்றுதான் சொல்கிறார்கள். சரிவெல்லாம் படிப்படியாகப் பூண்டு வயல். காலனியின் மேல் ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன ஜெபக்கூடம். வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் நெற்றியில் விபூதி இருக்கும். கதைக்கும் பிஸ்கட்டுக்கும் எல்லோரும் வருவார்கள். அண்ணி யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.

"நீயும் வா சுகந்தி. புள்ளையையும் கூட்டிட்டு வா. வீட்டுக்குள்ளேயே போனைப் பாத்துக்கிட்டு கெடக்கா" என்றார் அண்ணி.

ஷெரின் வந்தாள். காலனியில் இறங்கியதும் பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். எட்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்று, பெயர் செல்வி, ஷெரினின் மழைக்கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டது:

"அக்கா, நீங்க குவைத்தா?"

"இல்லை. நார்வே."

"எங்கம்மா குவைத்துல இருக்கு. ஒரு வீட்ல சமையல். நார்வே குவைத்துக்குப் பக்கமா?"

ஷெரின் என்னைப் பார்த்தாள். பிறகு, "ரொம்பத் தூரம்" என்றாள்.

"அதுவும் தூரந்தான்" என்றாள் செல்வி, யாரோ போட்டிக்கு வந்ததுபோல.

அவள் அப்பா முருகன் பூண்டு வயலில் கூலி வேலை செய்கிறவர். மகளை வகுப்பில் விட்டுவிட்டு, தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "டீச்சர், கீழ்ப் படியில தண்ணி கட்டி நிக்கி. வாய்க்காலை வெட்டி விட்டுட்டு வெரசா வந்துருதேன். அதுவரைக்கும் புள்ளையைப் பாத்துக்கோங்க" என்று சொல்லி இறங்கிப் போனார்.

4

அண்ணியின் பாட அட்டவணையில் அன்றைக்கு என்ன கதை என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். அவர் பையிலிருந்து படத்தை எடுத்துப் பலகையில் மாட்டியதும் நான் பார்த்தேன், ஷெரினும் பார்த்தாள். தகரத்தின் மேல் மழை அடித்த அடியில் அண்ணி கத்திக் கதை சொல்லவேண்டியிருந்தது. மரம் வெட்டினார்கள், தண்ணீர் புகாமல் கீல் பூசினார்கள், மிருகங்கள் ஏறின. பிள்ளைகள் ஒவ்வொரு மிருகமாகக் கத்திக் காட்டினார்கள். காட்டுமாடும் ஏறியதா என்று ஒருவன் கேட்டான். கொடைக்கானல் பிள்ளைக்கு அது முக்கியமான கேள்வி.

அப்போதுதான் அந்தச் சத்தம். லாரியிலிருந்து ஜல்லியைக் கொட்டுவதுபோல், ஆனால் நிற்காமல் நீண்டுகொண்டே போன சத்தம். தரை லேசாக அதிர்ந்தது. பிள்ளைகள் யாரும் கத்தவில்லை. அது என்ன சத்தம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

கொஞ்ச நேரத்தில் பாக்கியம் என்ற பெண், செல்வியின் பக்கத்து வீட்டுக்காரி, நனைந்துகொண்டே ஓடிவந்தாள்.

"டீச்சர், புள்ளைகளை வெளிய விடாதீங்க. மேல ரோடு இறங்கிருச்சு. கீழ வயக்காட்டுலயும் கரை சரிஞ்சு கெடக்கு. ஆம்பளைக எல்லாம் அங்கதான் போயிருக்காக." பிறகு அண்ணியின் காதருகே குனிந்தாள். மழைச் சத்தத்துக்கு மேலாகச் சொல்லவேண்டியிருந்ததால் அது ரகசியமாக இல்லை. "முருகனைக் காணோம்."

செல்வி எழுந்து நின்றாள். அண்ணி அவளைப் பிடித்து உட்காரவைத்துத் தன் மடியோடு அணைத்துக்கொண்டார். அவள் அழவில்லை. பலகையில் பாதியில் நின்றிருந்த கதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடிய பேழை, சுற்றிலும் தண்ணீர்.

"டீச்சர், வெளிய இருந்தவங்க என்ன ஆனாங்க?" என்று கேட்டாள்.

ஷெரின் கேட்ட அதே கேள்வி. பெர்கனில் அது வாதமாக இருந்தது. இங்கே அது ஒரு பிள்ளையின் அப்பா.

அண்ணிக்கு அந்தக் கதையைச் சொல்லி இருபது வருடப் பழக்கம் இருக்கும். என்ன பதில் சொல்லவேண்டும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கவும் செய்யும். ஆனால் அவர், "தெரியலம்மா" என்றார்.

5

மூலையில் உட்கார்ந்திருந்த ஷெரின் எழுந்து பலகைக்கு வந்தாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. கோபமாக ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். அவள் படத்தில் பேழையின் மேலே இருந்த சன்னலைத் தொட்டாள். தமிழில்தான் பேசினாள், முழுக்கத் தமிழில்.

"நோவாவுக்கு ஒரு மகள் இருந்துச்சு. பைபிள்ல பேர் போடலை. அவ சன்னலைத் திறந்தா. வெளியே ஆள்கள் இருக்கிறதைப் பார்த்தா. 'அப்பா, அவங்களை எடுக்கணும்'னு சொன்னா. நோவா என்ன செஞ்சார் தெரியுமா? பெரிய வயிறு ஒண்ணை எடுத்துக் கீழே போட்டார்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எதைப் போட்டாரு?"

"வயிறு. நீளமான வயிறு. அதைப் பிடிச்சுதான் மேலே ஏறணும்."

முதலில் சிரித்தது காட்டுமாட்டைக் கேட்ட பையன்தான். "அக்கா, அது கயிறுக்கா! வயிறு இது!" என்று தன் சட்டையைத் தூக்கித் தொப்பையில் அடித்துக் காட்டினான். கூடம் முழுக்கச் சிரித்தது. ஷெரினுக்குக் காது வரை சிவந்துவிட்டது. ஆனால் அவளும் சிரித்தாள். அண்ணியின் மடியில் இருந்த செல்வியின் முகத்தில் ஒரு சின்ன அசைவு.

"சரி, கயிறு" என்றாள் ஷெரின். "கயிறைப் போட்டார். முதல்ல யாரைத் தூக்கணும்?"

நான் குறுக்கே பேச வாயெடுத்தேன். வேதத்தில் இல்லாததைக் கூட்டிச் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள் நான். அண்ணி என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கைக்குழந்தைகளை. பிறகு அந்த அம்மாக்களை. ஒரு கிழவரையும் அவருடைய ஆட்டையும். கரண்ட் ஆபீஸ்காரரை, இல்லாவிட்டால் லைட் எரியாது. பேருந்து டிரைவரை. ஒவ்வொருவரையும் ஷெரின் கதையில் இழுத்தாள். இழுக்கும்போது பிள்ளைகள் சேர்ந்து "ஐலசா" போட்டார்கள். பேழை சாய்கிறது என்று ஒருத்தி சொன்னதும் எல்லோரும் மறுபக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"எங்கப்பா" என்றாள் செல்வி.

ஷெரின் ஒரு நிமிடம் நின்றாள். அந்த நிமிடத்தில் அவள் எவ்வளவு சின்னப் பிள்ளை என்று எனக்குத் தெரிந்தது. கதையில் இழுத்துவிடலாம். வெளியே என்ன நடக்கிறது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவள் போய்ச் செல்வியின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"அவரைத்தான் இப்போ தேடுறாங்க" என்றாள். "அந்த மாமாங்க எல்லாம் அதுக்குத்தான் போயிருக்காங்க. கிடைக்கிற வரைக்கும் நான் உன்கூட இருக்கேன்."

பொய் சொல்லவில்லை. கிடைத்துவிடுவார் என்றும் சொல்லவில்லை. இத்தனை வருடம் கதை சொன்ன எனக்கு அந்த வாக்கியம் வந்திருக்காது.

6

முருகனை மாலை வெளிச்சம் இருக்கும்போதே கண்டுபிடித்தார்கள். கரை சரிந்தபோது கல்கட்டுக்கும் மண்ணுக்கும் நடுவில் இடுப்பு வரை புதைந்துவிட்டார். கத்தியிருக்கிறார், வயலோரத்து ஓடைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. சேற்றுக்கு மேலே அந்தச் சாக்கு தெரிந்ததால் ஆள் இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. ஓடை பெருகி நடுவில் ஓடியதால் காய்கறி லாரியின் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவராகக் கடந்துபோய், கடப்பாரை போட்டால் மண் மறுபடி சரியும் என்று கையாலும் சாப்பாட்டுத் தட்டாலுமே மண்ணை அள்ளியிருக்கிறார்கள்.

தூக்கிக்கொண்டு மேலே வந்து ஜெபக்கூடத்தில்தான் கிடத்தினார்கள். கால் உடைந்திருந்தது. முகம் முழுக்கச் சேறு, பல் மட்டும் தெரிந்தது. செல்வி ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றாளே தவிர, தொடப் பயந்தாள்.

"ஏ புள்ள, என்ன பேய் மாதிரி பாக்க? அப்பாதான்" என்றார் முருகன். அப்போதுதான் அவள் அழுதாள். அவள் அழுத அழுகையில் பாக்கியம் அழுதாள், அண்ணி அழுதார், சேற்றோடு நின்ற ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அண்ணி வெந்நீரில் துணியை நனைத்து அவர் முகத்தைத் துடைத்தார். "ஆண்டவர் காப்பாத்திட்டாரு முருகா" என்றார்.

"உங்க ஆண்டவரோ எங்க பழனியாண்டவரோ, எந்தச் சாமி சொல்லி அனுப்புச்சோ தெரியல டீச்சர். வந்து மண்ணை அள்ளுனது நம்ம பயலுக" என்றார் முருகன். சொல்லிவிட்டு வலியில் பல்லைக் கடித்தார். அண்ணி சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். அவருக்கு அதில் மறுப்பு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

அன்றைக்கு ரோட்டில் வண்டி வரமுடியாது என்பதால் சரிந்த இடத்தைச் சுற்றிக் கட்டிலில் தூக்கிக்கொண்டு போய், அந்தப் பக்கம் நின்ற ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நாங்கள் இரவு காலனியிலேயே தங்கினோம். மறுநாள் வெள்ளனே எழுந்து, மண்ணை அள்ளிப் போட்டுப் பாதி திறந்த ரோட்டில் நடந்துவந்து பூம்பாறையில் பஸ் பிடித்தோம்.

பஸ்ஸில் ஷெரின் என் தோளில் சாய்ந்திருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"அம்மா, நான் பைபிளை மாத்திட்டேன்ல?"

"மாத்திட்டே."

"கோபமா?"

"இல்லை. தொண்ணூத்தொம்பது ஆட்டை விட்டுட்டு காணாமப்போன ஒண்ணைத் தேடிப் போற மேய்ப்பன் கதையும் அதே புத்தகத்துலதான் இருக்கு. நீ சொன்னது அந்தக் கதைக்குக் கிட்ட இருந்துச்சு."

"அப்ப ஏன் அதை முதல்ல சொல்லலை?"

நியாயமான கேள்வி. நான் பதில் சொல்வதற்குள் ஒரு வளைவில் பஸ் நின்றது. நடுரோட்டில் ஒரு காட்டுமாடு நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு, "அவரு போற வரைக்கும் நமக்குச் சோலி இல்ல" என்று பீடியைப் பற்றவைத்தார். ஷெரின் எழுந்து உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள்.

7

இதெல்லாம் நடந்து ஒரு வருடம் ஆகிறது. முருகன் நடக்கிறார், கொஞ்சம் சாய்ந்து. செல்வியின் அம்மா குவைத்திலிருந்து வந்து ஒரு மாதம் இருந்துவிட்டு மறுபடி போய்விட்டாள். வேலையை விட முடியாது. இவையெல்லாம் அண்ணி போனில் சொல்லும் செய்திகள்.

நான் பெர்கனுக்குத் திரும்பிவந்து பழைய வாழ்க்கைக்குள் புகுந்துகொண்டேன். காலையில் முதியோர் இல்லம், மாலையில் சமையல், இடையில் மழை. ஒரு ஞாயிறு அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஷெரின் வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"நானும் வரேன். ஆனா எல்லாத்தையும் நம்புறேன்னு அர்த்தம் இல்லை. கதை மட்டும் சொல்றேன்."

சரி என்றேன். வேறு ஒரு வார்த்தையும் சேர்க்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று தாய்மாருக்குத் தெரியும்.

இப்போது மாதத்தில் இரண்டு வாரம் அவள் சொல்கிறாள். தமிழ் தடுக்கும், பிள்ளைகள் திருத்துவார்கள், அந்தத் திருத்தலிலேயே அவர்களுக்கும் தமிழ் வருகிறது. சில வாரம் அவளுக்கு ஒரு கதை பிடிக்காது. "இதை நீங்களே சொல்லுங்க" என்று என்னிடம் தள்ளிவிடுவாள். நான் சொல்வேன், அவள் பின்னால் உட்கார்ந்து கைகட்டிக் கேட்பாள். கதைக்குப் பிறகு வீட்டில் விவாதம் நடக்கும். ஆல்பர்ட் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார்.

போன ஞாயிறு அவள் எடுத்தது நான்கு நண்பர்களின் கதை. நடக்கமுடியாத ஒருவனைக் கட்டிலோடு தூக்கி வருகிறார்கள். இயேசு இருக்கும் வீட்டுக்குள் நுழைய முடியாத கூட்டம். கூரைமேல் ஏறி, அதைப் பிரித்து, அவனை உள்ளே இறக்குகிறார்கள். அவன் எழுந்து தன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு நடந்து போகிறான். ஷெரின் நன்றாகச் சொன்னாள். கூரையிலிருந்து மண் உதிர்வதற்கு எல்லோர் தலையிலும் காகிதத் துண்டுகளைப் போட்டாள். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

யோகன் என்ற ஆறு வயது யாழ்ப்பாணத்துப் பையன் மட்டும் தட்டவில்லை. முழுக் கதையிலும் அவன் மேலேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"அப்ப அந்த வீட்டுக்காரருக்கு இனி மழை ஒழுகுமே" என்றான். "கூரையை யார் திரும்பக் கட்டினது?"

பெர்கன் பிள்ளை அப்படித்தான் கேட்கும். ஷெரின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. கையை விரித்தேன்.

அவள் தரையில் கிடந்த காகிதத் துண்டு ஒன்றை எடுத்தாள். "அந்த ஆளுக்கு இப்போ கால் நல்லா இருக்குல்ல?" என்றாள்.

"ஓம்."

"அவனும் நாலு பேரோட சேர்ந்து ஏணியில ஏறினான்."

யோகனுக்கு அது சரியாகப் பட்டது. எழுந்துபோய்க் கூரையை ஒட்டப் பசையை எடுத்துக்கொண்டு வந்தான். மற்றவர்களும் குனிந்து அறை முழுக்கச் சிதறிக்கிடந்த துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார்கள். அறையைப் பூட்டிச் சாவியை ஒப்படைக்கவேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. நானும் முழங்காலிட்டு அவர்களோடு பொறுக்கினேன்.